சேரிப்பக்கக் குழாய்கள்

ஆந்திராவில் இருக்கும் புத்தூரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிக் கூட்டம். "தமிழரெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!" என்று பேச்சாளர் முழங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தை நடத்தும் ஆதிநாராயணன், மைக் செட்டுக்காரன் சிட்டிபாபுவின் காதருகே குனிந்தார்.

"சேரியைப் பாத்துக்கினு இருக்கிற ரெண்டு குழாயையும் கழட்டுடா. அவனுங்களுக்குப் போற சத்தம் நம்ம தெருவுக்கு வரட்டும்."

சிட்டிபாபு ஆம்ப்ளிஃபயரைக் காட்டினான்.

"அப்படியெல்லாம் வராதுங்க. நாலு குழாய்க்குப் பொருத்தமாத்தான் ஆம்ப்ளிஃபயரை வெச்சிகினு இருக்கேன். ரெண்டைக் கழட்டினா ஓம்ஸ், அதான் கரண்டுக்கு இருக்கிற தடை, ரெட்டிப்பாய்டும். முழு பவரும் வெளிய வராது, குரல்தான் உடையும்."

"சொன்னதைச் செய்யிடா!"

கழட்டினான். சேரிப்பக்கம் சத்தம் அடங்கியது. பெரிய தெருவிலோ சத்தம் துளியும் ஏறவில்லை. வால்யூமை முழுக்கத் திருகியும் பேச்சு உடைந்து கரகரத்தது. 'ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்' என்பதைக் குழாய் காறிக் காறித் துப்பியது. தெருக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தன் செட்டின் வாயிலிருந்து இந்த அசிங்கம் வருகிறதே என்று சிட்டிபாபுவுக்கு உடம்பே கூசியது.

"இன்னாடா இது, நாராசமா கீது?" என்று ஆதிநாராயணன் பாய்ந்து வந்தார்.

"அந்த ரெண்டையும் திரும்ப மாட்டினா சரியாய்டுங்க."

அவர் சேரிப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம். இப்பிடியே இருக்கட்டும்."