லெசா வீட்டுப் பாய்

கர்த்தர் இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன ஒரு வேலையை, நான் ஒரு திங்கட்கிழமை காலையில், வெறும் வயிற்றோடு, ஒரு பிரசங்கமும் செய்யாமல் செய்து முடித்தேன். டீக்கன் துயாசாவை ஒரு மனிதனை மன்னிக்க வைத்தேன்.

போன வியாழக்கிழமை வரை எங்கள் சவாயி தீவில் இதை யாரும் நம்பவில்லை. முப்பத்தொரு வருஷம் படகுத்துறையில் கயிறு கட்டி, டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவன் நான். ஒருமுறை ஒரு திமிங்கிலம் வரிசையில் நின்று டிக்கெட் கேட்டது என்று சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பாதவள் ஃபுவாதினோ. என் சித்தப்பா மகள், டீக்கனுக்கு வாழ்க்கைப்பட்டவள். "அவருக்கு யாருன்னு தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் தூக்குனாரு," என்றே சொல்லிவந்தாள். பெண்டாட்டியே சொல்லும்போது இந்தப் பெசமினோ சொல்வதை யார் கேட்பார்கள்?

துயாசாவ் மச்சானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பகைவனை நேசிப்பதைப் பற்றி அவரைப்போலப் பேச இந்தத் தீவில் ஆள் கிடையாது. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னம் என்று அவர் ஆரம்பித்தால், முன்வரிசைக் கிழவிகள் தங்கள் கன்னத்தையே தடவிக்கொண்டு அழுவார்கள். அவர் கண்ணீருக்கென்றே பிரசங்க மேடையில் தனியாக ஒரு துண்டு உண்டு. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வேலி தாண்டிய கோழியைக்கூட மன்னிக்க மாட்டார். அதன் சந்ததியையும் மன்னிக்க மாட்டார்.

அப்படிப்பட்டவரின் படகுதான் எரிந்துபோனது. பக்கத்துத் தோட்டத்து லஃபாயெலே சருகுகளைக் கூட்டி நெருப்பு வைத்தான். காற்று திரும்பியது. கொட்டகையில் இருந்த புதுப் படகு, முகப்பில் வரைந்திருந்த வெள்ளைப் புறாவோடு சேர்ந்து கரியானது. ஊர்ச் சபை கூடியது. டீக்கன் மன்னிக்கும்வரை லஃபாயெலே குடும்பம், மன்னிப்புக் கேட்க வருவதைத் தவிர, ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. அவனும், அவன் பெண்டாட்டி பிள்ளைகளும், அவன் அப்பா ஃபாலானிகோவும் கறுப்புப் பாறைக்காட்டுக்கு அந்தப் பக்கம், மருமகளின் ஊரில் போய் ஒண்டினார்கள்.

எங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வழி உண்டு. தப்புச் செய்தவன் தன் ஆட்களோடு விடியும்போதே வந்து, பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் முழங்காலிட்டு உட்கார வேண்டும். தலைக்கு மேலே, குடும்பச் சொத்தாகப் பொத்திவைத்திருக்கும் மெல்லிய பாயைப் போர்த்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் வெளியே வந்து பாயைத் தூக்கினால் மன்னித்ததாக அர்த்தம். அதோடு விஷயம் முடிந்தது. பிறகு ராஜா வந்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. தூக்காவிட்டால் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

லஃபாயெலே அப்பாவோடு இரண்டு தடவை வந்து உட்கார்ந்தான். முதல் தடவை மச்சான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அவர்களைப் பார்த்துக்கொண்டே டின் மீனும் சேப்பங்கிழங்கும் தின்றார். இரண்டு தட்டு. இரண்டாம் தடவை மழை. என் கணக்குப்படி நோவா காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு மழை இல்லை. மத்தியானம் வரை நனையவிட்டு, கடைசியில் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "உள்ளத்துல எப்பவோ மன்னிச்சாச்சு. பாயைத் தூக்குறது வேற விஷயம்."

நான்கு வருஷம் ஓடியது. ஃபாலானிகோவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நான் பார்க்கப் போனபோது கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பெசமினோ, எம்பொண்டாட்டிய வாசல்லதானே பொதைச்சேன். நாலு வருசமா அவ மேல புல்லு மண்டிக் கெடக்குமே. பக்கத்துல எனக்குன்னு எடம் விட்டு வச்சிருக்கேன்டா. அங்க போய்ப் படுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"இன்னொரு தடவ போய் உக்காருவோம்."

"எங்க பாயில ஓட்டை விழுந்துடுச்சு. அத மதிக்க மாட்டான் அந்த ஆளு."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. தர்றேன்."

இருந்தது. சாதாரணப் பாய் இல்லை. ஓரமெல்லாம் சிவப்பு இறகு. ஒரு மூலையில் பழைய கறை. அதற்குத் தனியாகப் பெயரே உண்டு. பக்கத்து ஊர்ப் பெரிய தலைவர் லெசாவின் வீட்டுப் பாய் என்று படகுத்துறை வரைக்கும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட பாய் ஒரே வீட்டில் தங்குமா? சாவு, கல்யாணம் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம், என் மனைவியின் அத்தை இறந்தபோது லெசா குடும்பம் அதைத் துக்கத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்கு மரியாதையாகக் கொடுத்துவிட்டது. அன்றைக்குப் பல்வலி என்று சொல்லி மச்சான் வரவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும். அது என் குற்றமா?

இன்னொரு விஷயமும் என் குற்றம் இல்லை. தன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மச்சான் ஏங்கிக்கொண்டிருந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்: லெசா. மூன்று வருஷத்துக்கு முன்னால் புது ஆலயத் திறப்பில் மச்சான் கனத்த குரலில் பாடியபோது, லெசா எழுந்து, "யாருப்பா அந்தப் பன்னிய அவுத்து விட்டது, புடிச்சுக் கட்டுங்க," என்று சொல்லிவிட்டார். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். சரி, இருநூறு பேர். லெசா வாசலில் முழங்காலிடும் நாளுக்காக மச்சான் வெள்ளைக் கோட்டைத் தேய்த்துத் தயாராகவே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை விடியும்போது போனோம். ஃபாலானிகோ நடுவில், லஃபாயெலே இடப்பக்கம், தாங்கிப் பிடிக்க நான் வலப்பக்கம். பாயைப் போர்த்திக்கொண்டோம். உள்ளே இருந்து பார்த்தால் தரையும் கால்களும்தான் தெரியும். ஒரு கோழியின் கால். ஒரு நாயின் கால். பிறகு ஜன்னல் திறக்கும் சத்தம். பிறகு நாற்காலி விழும் சத்தம்.

"ஃபுவாதினோ, அந்தப் பாயப் பாரு. அந்த எறகப் பாரு. கோட்டு எங்க? போதகரக் கூப்புடு. எல்லாரையும் கூப்புடு."

"யாருன்னு பாத்துட்டுக் கூப்புடலாமே."

"பாய் தெரியுதுல்ல. ஆள வேற பாக்கணுமா?"

மன்னிப்பு என்றால் மறைவாகச் செய்துவிடுவாரா மச்சான்? ஊர் திரண்டு வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. போதகர் வந்தார். பின்னால் எங்கிருந்தோ கோக்கோ வாசனை வந்தது. மச்சானின் பளபளத்த கறுப்புச் செருப்பு எங்கள் முன்னால் வந்து நின்றது. உடனே தூக்கியிருக்கலாம். பிரசங்கம் செய்தார்.

அது அவர் வாழ்நாளிலேயே சிறந்த பிரசங்கம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அன்பு மலையைவிடப் பெரியது என்றார். ஆகாயத்துக்கும் வரம்பு உண்டு, தன் இருதயத்துக்குக் கிடையாது என்றார். என் முழங்கால் இரண்டும் பூமிக்குள் வேர்விட்டுக்கொண்டிருந்தன.

பாய்க்குள் ஃபாலானிகோ முணுமுணுத்தார்: "இவன் முடிக்கிறதுக்குள்ள நான் போயிடுவேன் போலிருக்கே."

"பொறுங்க மாமா. இப்பதான் முன்னுரை."

"யாரோ லெசா, லெசான்னு பேசிக்கிறாங்களே, எதுக்கு?"

"காத்து மாமா. காத்துச் சத்தம்."

வெளியே மச்சான் குரலை உயர்த்தினார். "இந்தப் பாய்க்கு அடியில எவ்வளவு பெரிய மனுசன் இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய தப்புப் பண்ணியிருந்தாலும் சரி, போதகர் சாட்சியா, ஊர் சாட்சியா, நான் மன்னிக்கிறேன்." தூக்கினார்.

வெளிச்சம் வந்தது. லெசாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் என் வழுக்கைத் தலையைப் பார்த்தார். பக்கத்தில் ஃபாலானிகோ. அந்தப் பக்கம் படகை எரித்தவன்.

மச்சானின் முகம் கத்தி பட்ட வெந்த ஈரப்பலாக்காய் போல மெல்லப் பிளந்தது. பிறகு அவர் செய்ததைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்றார்கள். பாயைத் திரும்ப எங்கள்மேல் போட்டு மூடப் பார்த்தார். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துப் பிடிக்காமல் மூடுகிற மாதிரி. நான் கண்ணால் பார்த்தேன்: இரண்டு கையாலும் இழுத்தார். பாய் வரவில்லை. பின்மூலை ஏதோ ஒரு கல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். போதகர் மேகத்தைப் பார்த்தார். ஊர் இருமியது.

ஃபாலானிகோ மட்டும் மச்சானை அண்ணாந்து பார்த்தார். மழையில் நனையவிட்ட மனிதரை. "நல்லாப் பேசினப்பா," என்றார். "எனக்கும் உம்மேல ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கையக் குடு, எந்திரிக்கணும்."

மச்சான் கை கொடுத்தார். வேறு என்ன செய்வார்? அன்றே கிழவர் வீட்டுக்குப் போய், மனைவியின் கல்லறைமேல் மண்டியிருந்த புல்லைத் தன் கையாலேயே பிடுங்கினார். மூச்சிரைக்க, ஒவ்வொரு கொத்தாக.

ஏழு மாதம் வாழ்ந்தார். போன வியாழக்கிழமை, விட்டுவைத்த இடத்திலேயே அவரைப் படுக்கவைத்தோம். அடக்கத்தில் பேசியது யார்? மச்சான்தான். துண்டை எடுத்தார், அழுதார். "பாய்க்குள்ள இருந்தது யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என் அன்பு என்னை நிக்க விடல. ஓடிப்போய்த் தூக்கினேன். அப்படி ஓடத் தெரியாதவன் கிறிஸ்தவனே இல்ல," என்றார். கிழவரின் பெட்டியே நாணி இரண்டு அங்குலம் உள்ளே இறங்கிவிட்டது.

பிறகு சாப்பாடு. பந்தலுக்கு அடியில் நான் என் கதையைச் சொன்னேன். இந்த முறை ஊர்க்கூட்டத்தை ஆயிரமாக்கியிருந்தேன். மச்சான் பன்றிக்கறியிலிருந்து நிமிர்ந்து, "வயசாயிடுச்சு பெசமினோ மச்சானுக்கு. அன்னைக்குக் காத்து அடிச்சுப் பாய் சரிஞ்சுது. நான் புடிச்சேன். ஃபுவாதினோவக் கேளுங்க," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். ஃபுவாதினோ தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலத்தின் வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் வழக்கமான பதிலுக்குத் தயாராகி, இன்னொரு துண்டுக் கறி எடுத்துக்கொண்டேன்.

"அந்தக் கெழவர் நாலு வருசம் வெளிய கெடந்தாரு," என்றாள், இலையை மடித்தபடி. "அவரு பெட்டிய முன்னால வச்சுக்கிட்டே ஓடினேன்னு சொல்றாரு. சரி. அண்ணன் சொல்றதுதான் நடந்துச்சு. இவரு லெசான்னு நெனச்சுத்தான் தூக்குனாரு. மூடவும் பாத்தாரு."

"ஃபுவாதினோ," என்றார் மச்சான்.

"இருங்க, அண்ணன் சொல்றதுலயும் ஒரு பொய் இருக்கு." என்னைப் பார்த்தாள். "கல்லுல ஒண்ணும் மாட்டல அண்ணே. கோக்கோ தட்டோட வந்து ஒங்க பின்னாடி நின்னேனே, அந்த மூலைய மிதிச்சுக்கிட்டு நின்னது நான்தான். ரெண்டு காலாலயும்."