மெயிலுக்குத் தனிக்குடித்தனம்

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது முதலாளி வீட்டுச் சின்ன மருமகள். சர்வர்க்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டு ஆட்களுக்கும் கம்பெனி மெயில்தான். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்பாம் ஃபில்டர். ஒருவர் குப்பை என்று தள்ளியது எல்லோருக்கும் குப்பை. அவ்வளவும் போய் விழுவது ஒரே பெட்டியில். அதைத் திறந்து பார்ப்பவர் முதலாளி மட்டும்தான். அவர் அவள் கணவனின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர்.

ஆளுக்கொரு ஃபில்டர் போடலாம் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துப்போனது. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மெயிலுக்கு மட்டும் தனிக்குடித்தனமா?" என்பார் பெரியவர். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் நாத்தனார், கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பித்திருந்தாள். பதிலே இல்லை. கல்லூரிக்குப் போன் போட்டால், "சீட் குடுத்து மெயில் அனுப்பினோமே. நேத்தோட கெடு முடிஞ்சுது. அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டோம்" என்றார்கள்.

"அண்ணி, உங்க சர்வர் என் சீட்டைத் தின்னுடுச்சு" என்று வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

சர்வர்க்காரி குப்பைப் பெட்டியைத் திறந்தாள். மெயில் அங்கேதான் கிடந்தது. கல்லூரி விளம்பரம் வந்தாலே பெரியவர் குப்பையில் தள்ளுவார். அட்மிஷன் என்று எது வந்தாலும் குப்பை என்று ஃபில்டரும் கற்றுக்கொண்டுவிட்டது. மெஷினைத் திட்டி என்ன பயன் என்று நினைத்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மற்ற மெயில்களெல்லாம் பிரிக்கப்படாமல் தடித்த எழுத்தில் இருந்தன. அது ஒன்று மட்டும் படிக்கப்பட்டிருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நேரே பெரியவர் அறைக்குப் போனாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

"மாமா, இவ சீட் மெயிலைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்மா. இவ போயிட்டா ஆர்டரெல்லாம் யாரு பாக்குறது? குப்பையில கிடந்துச்சு, நான் எடுக்கலை, அவ்வளவுதான். அழிக்கலையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைக்கூட மன்னித்துவிடலாம். இந்த மனிதர் பூசணிக்காயை மேசைமேல் வைத்துக்கொண்டே நியாயம் பேசுகிறார்.

நாத்தனார் கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள்.

சர்வர்க்காரி அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. மதியமே ஆளுக்கொரு ஃபில்டர், ஆளுக்கொரு குப்பைப் பெட்டி என்று பிரித்துப் போட்டாள். பொதுப் பெட்டியை இழுத்து மூடினாள். கீபோர்டு என்ன பாவம் செய்ததோ, நன்றாக அடி வாங்கியது.

சாயங்காலம் பெரியவர் அவள் மேசைக்கு வந்தார்.

"பெட்டியையே காணோமேம்மா."

"அவங்கவங்க குப்பை இனிமே அவங்கவங்ககிட்ட, மாமா."

"அப்ப தங்கச்சிக்கு என்ன வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவளா வந்து சொன்னாத்தான் உண்டு. இனிமே உங்ககிட்ட சொல்லுவான்னு எனக்குத் தோணலை."