காலரக்காவுக்கு ஐந்து வருடம் நாற்பத்தொன்பது

காலரக்காவுக்கு ஐந்து வருடம் தொடர்ந்து நாற்பத்தொன்பது வயதாகவே இருந்தது. அவள் பிறந்த மாதத்தின் பதினாறாம் தேதி எல்லாருக்கும் போல அவளுக்கும் வந்து போகும். பதினேழாம் தேதி தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு அவளை மட்டும் விட்டுவிட்டு மற்ற வீடுகளுக்குப் போய்விடும். பதினெட்டாம் தேதி காலையில் அவள் ஒன்றும் நடக்காதது போல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். பிறந்தநாளே வராத மனுஷிக்கு வயது எங்கிருந்து ஏறும்? ஏறவில்லை. அவள் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையில் ஆட்களை அவரவர் தைக்கிற துண்டின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். பை வைக்கிறவள் பாக்கெட், பொத்தானுக்கு ஓட்டை போடுகிறவள் காஜா. இவள் இருபத்தெட்டு வருடமாகக் காலர் தைக்கிறாள், ஆகவே காலரக்கா. நாளுக்கு நானூறு காலர். முனை இரண்டும் கிளி மூக்கு போல நிற்கும். செக்கிங் மேசையில் மற்றவர்கள் வேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பவர்கள், இவள் கட்டு வந்தால் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு தள்ளிவிடுவார்கள். அவள் காலர் கடல் தாண்டிப் போய் யார் யார் கழுத்திலோ உட்கார்ந்திருந்தது. ஆனால் அவள் தைத்த சட்டை என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

முதல் வருடம் அவள் கணவர் பயந்துதான் போனார். அவர் மின்சார லைன்மேன், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பதினேழாம் தேதி காலை எழுந்து பார்த்தால் மனைவி இல்லை. செருப்பு வாசலில் இருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, ஆளைக் காணோம். அவள் தங்கை வீடு, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் என்று ஒரு பகல் முழுக்க அலைந்துவிட்டு வந்து படுத்தவர், மறுநாள் காலை வெங்காய வாசனையில் கண் விழித்தார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு அவள், பதினாறாம் தேதி படுத்தேன், பதினெட்டாம் தேதி எழுந்தேன், நடுவில் ஒன்றுமில்லை, நீங்கள் ஏன் சவரம் செய்யவில்லை என்று திருப்பிக் கேட்டாள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு ஓட்டக் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலுக்கும் நேரம் பிடிக்கிறவர் என்பதால் அவருக்கு நிமிஷக்காரர் என்று பெயர். நேற்று ஏன் வரவில்லை என்றார். "நேத்து எனக்கு வரல சார்" என்றாள் காலரக்கா. வராத நாளைச் சொந்த லீவில் போடுவதா, நோய் லீவில் போடுவதா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நோய் என்றால் மருத்துவர் சீட்டு கேட்பார்கள் என்பதால் சொந்த லீவு என்று எழுதினார்.

செய்தி தெருவில் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த வருடமும் அப்படியே ஆனபோது பெண்கள் கூட்டமாக வந்து, என்ன எண்ணெய் தேய்க்கிறாய், என்ன மாத்திரை விழுங்குகிறாய் என்று கேட்டார்கள். கல்லூரியில் படிக்கிற மகள் தாயை வெயிலில் உட்கார வைத்து நரைமுடி எண்ணினாள். போன வருடம் நாற்பத்தொன்று, இந்த வருடமும் நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடைக்காரர் பவர் ஒரு புள்ளி மாறவில்லை என்றார். கொடுத்து வைத்தவள் என்றது ஊர். அவளுக்கோ அது வசவாகக் கேட்டது. நீங்களே சொல்லுங்கள், படுக்கையில் கிடந்த மாமியாரை எட்டு வருடம் பார்த்துக்கொண்டவள் அவள். காலர் தைத்தே மகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்தவள். ஒரு தடவை ஊசி விரலில் ஏறி மறுபக்கம் வந்தபோதும் துணியில் ரத்தம் படாமல் கையை விலக்கியவள். இத்தனைக்கும் சேர்த்து வந்து சேரவேண்டிய ஐம்பது அது. எல்லாரும் போய்த் தொடுகிற இடத்தை, தான் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதாவது?

காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வாரம், இருபத்தொரு வயதில், பேக்கிங் பக்கம் போனவள் பெட்டிக்குள் மடித்து வைத்த முழுச் சட்டையைப் பார்த்தாள். தான் வைத்த காலர் எதில் இருக்கிறது என்றே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் எல்லார் காதிலும் விழும்படி, வெட்டுவதிலிருந்து பொத்தான் வரை ஒரு முழுச் சட்டையை நானே தைக்காமல் எனக்கு ஐம்பது ஆகாது என்று சொல்லிவிட்டாள். அப்புறம் கல்யாணம், குழந்தை, மாமியார் என்று வாழ்க்கை போனதில் சட்டை மறந்துபோயிற்று. பதினேழாம் தேதி மறக்கவில்லை. இதை அவள் காஜாவிடம் மட்டும் சொன்னாள். காஜா இவளைவிட ஏழு வயது சின்னவள், வாய்த் துடுக்கு ஜாஸ்தி. "இளைக்காம எனக்கு நாப்பது ஆகாதுன்னு நானும்தான் சொன்னேன். நாப்பது வந்துச்சு, நாப்பத்திநாலும் வந்துச்சு. என் வாயை எவன் மதிச்சான்? உன் வாய்க்கு ஒரு மரியாதை இருக்குக்கா, போய்க் கத்துக்கோ" என்றாள்.

அப்படித்தான் அவள் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். சாப்பாட்டு இடைவேளை அரை மணி. ஏழு நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, மீதி இருபத்து மூன்று நிமிடம் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்காருவாள். ஒரு கைக்கு ஒரு வேலைதான், ஊசி உடைந்தால் யார் பதில் சொல்வது என்று நிமிஷக்காரர் முதலில் முறைத்தார். பிறகு கடிகாரத்தை அமுக்கிவிட்டு நகர்ந்தார், அதுதான் அவருடைய சம்மதம். ஆனால் இத்தனை வருடமும் ஒரே வளைவில் போன கை, நேராகப் போக மறுத்தது. அவள் தொட்டதெல்லாம் காலராயிற்று. பக்கத் தையல் வளைந்தது. முதல் பாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் கிளி மூக்கு வந்தது, கை நுழைக்க வாய் மட்டும் இல்லை. நெஞ்சுக்கும் ஒரு காலர் வைத்துவிட்டாள் என்று வரிசை முழுக்கச் சிரித்தது. மகள் வயதில் இருந்த ஒரு பெண் சட்டைக் கை தைக்கச் சொல்லிக்கொடுத்தபோது, "இழுக்காதீங்கக்கா, துணிக்கே வழி தெரியும்" என்றாள். தன் மேசையில் ராணியாக இருந்தவளுக்கு அடுத்த மேசையில் மக்காக இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். மணி அடித்ததும் காதெல்லாம் சிவக்கத் தன் மெஷினுக்குத் திரும்பி, அந்தக் கோபத்தில் நானூறுக்குப் பதில் நானூற்று முப்பது காலர் தைப்பாள். மறுநாள் இடைவேளைக்கு முதல் ஆளாக எழுந்து போவாள்.

மூன்றாவது பதினேழாம் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் முதல் சட்டை முடிந்தது. ஒவ்வொரு மேசையிலும் அன்றன்றைக்கு என்ன கட்டு ஓடியதோ அந்த அளவுத் துண்டில்தான் அவள் பழகியிருந்தாள். அதனால் உடம்பு ஒல்லியான ஆளுக்கும், கை பயில்வானுக்கும், முதுகு பள்ளிக்கூடப் பையனுக்குமாக அமைந்தது. காலர் மட்டும் மந்திரி போட்டுக்கொள்ளலாம். கணவர் மூச்சை அடக்கி அதற்குள் நுழைந்து வேலைக்குப் போனார். கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தபோது, என் பெண்டாட்டி தைத்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் காலரைத் தூக்க வேறு எவருக்கும் யோக்கியதை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வருடமும் பதினேழு வரவில்லை.

அப்போதுதான் அவள் நிஜமாகவே பயந்தாள். கணவருக்கு ஐம்பத்தைந்து ஆகியிருந்தது, ஏணியில் ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு இருபத்து நான்கு. இன்னும் இருபத்தாறு வருடம் இப்படியே போனால், தான் பெற்ற பெண்ணே தனக்கு அக்காவாகிவிடுவாள் என்று வெங்காயம் நறுக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

மகளுக்கு முன்னால் தங்கை முந்திக்கொண்டாள். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற அந்தத் தங்கை இவளைவிட இரண்டரை வயது சின்னவள். அடுத்த ஆறு மாதத்தில் அவளுக்கு முறைப்படி ஐம்பது நிறைந்தது, அன்றிலிருந்து அவள் அக்கா, இவள் தங்கை. தலையைச் சீவு, மெதுவாகப் பேசு, அந்தப் புடவை வேண்டாம் என்று ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமை நேராக வந்து இடுப்பில் கை வைத்துச் சமையலறை வாசலில் நின்றாள். பழைய பாக்கி எல்லாம் தீர்க்கப்போகிறாள் என்று நினைத்து லைன்மேன் மெல்லச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இனிமே நான்தான் பெரியவ. நான் சொன்னாக் கேக்கணும், சரிதானே?"

"சரி" என்றாள் காலரக்கா, தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப பாத்திரத்தை வச்சிட்டு எந்திரி. நான் கழுவறேன். நீ போய் அந்தச் சட்டைய ஒழுங்காத் தைச்சு முடி."

சட்டை விஷயம் தங்கைக்கு எப்படித் தெரியும் என்றால், லைன்மேன் அதைப் போட்டுக்கொண்டு போகாத தெரு இல்லை. காலரக்கா உட்கார்ந்து அழுதுகொண்டே தான் இருபத்தொரு வயதில் சொன்னதையும் சொல்லி முடித்தாள். பெரியவளாகிவிட்ட தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கினாள். மங்கிப்போன விலாசத்தைப் படிப்பது போல உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். வெட்டியது யார் என்று கேட்டாள். கட்டிங் மாஸ்டர். காஜா போட்டது யார்? காஜாதான், ஆசையாகக் கேட்டாள், ஏழு ஓட்டைதானே என்று விட்டுவிட்டேன் என்றாள் காலரக்கா.

"விலாசத்துல ஒரு நம்பர் தப்புன்னாலும் கடுதாசி போய்ச் சேராதுடி."

அந்த 'டி' அவள் வாய்க்குப் புதுசு. சொன்னவளும் கேட்டவளும் ஒரு நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த லைன்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் தங்கை வந்து பாத்திரம் கழுவினாள். தன் வீட்டில் சும்மா கிடந்த தையல் மெஷினையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டாள். காலரக்கா வெட்டப் பழகினாள். ஆறு படுக்கை விரிப்பு காலியாயிற்று, லைன்மேன் வெறும் மெத்தையில் படுத்தார். நான்காவது பதினேழாம் தேதி அதற்குள் வராமல் போயிற்று. அன்று அவர் லீவு போட்டு ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்துக்கொண்டார், அதுவும் பழகிவிட்டது. வெட்டு கைக்கு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் அவரை ஜன்னல் பக்கம் நிறுத்தி டேப்பைப் பிடித்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவரை அவள் அளந்தது அதுதான் முதல் தடவை. வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. முப்பது வருடம் ஏணி சுமந்த தோள். மார்பு நாற்பது என்றுதான் அவள் மனசில் இருந்தது, டேப் முப்பத்தெட்டு என்றது. அந்த இரண்டு அங்குலமும் எந்த வருடங்களில் போனது என்று அவள் கேட்கவில்லை. முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துடு" என்றார் அவர், கையைத் தூக்கிக்கொண்டே. "நான் மட்டும் முன்னாடி போயிட்டிருக்கேன். பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல."

மறுநாளே துணி வாங்கினாள், சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்டது. வலது தோளை அரை அங்குலம் இறக்கி வெட்டினாள். முன்பக்கம், முதுகு, கை, கைப்பட்டி, பை என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பிரித்து மூன்றாம் தடவை தைத்தாள். காலரைக் கடைசியில் வைத்தாள், அதற்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு காஜாவையும் கையாலேயே போட்டாள், ஒன்றுக்கு இருபது நிமிடம். காஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். தன்னையறியாமல் கை நீண்டுவிடுமோ என்று இரண்டு கையையும் தொடைக்கடியில் கொடுத்துக்கொண்டு, ஏழாவது ஓட்டை முடியும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பதினாறாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு நூலை அறுத்தார்கள். அறுத்தார்கள் என்பது தப்பு, அவள்தான் அறுத்தாள்.

பதினேழாம் தேதி காலை லைன்மேன் வழக்கம்போல லீவில் இருந்தார். சமையலறையில் ஒரே ஒரு தம்ளர் தண்ணீர் அளந்து டீக்கு வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. "எனக்கு இல்லையா?" அவர் திரும்பவில்லை. இன்னொரு தம்ளர் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டுத்தான் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த நேரம் தேவைப்பட்டது. அவள் நாற்காலியில் உட்காரும்போது முட்டி சத்தம் போட்டது. செய்தித்தாளில் எழுத்து கலங்கியது, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தாள். மகள் எண்ணியபோது நரைமுடி நாற்பத்திரண்டாக இருந்தது. அந்தப் புதிய முடியை அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்காமல் முன்னால் எடுத்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஐந்து வருடத்தில் முதல் முறையாகக் கையெழுத்து விழுந்தது. நிமிஷக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தினார், வரிசை முழுக்கப் பதினோரு நிமிடம் யாரும் தைக்கவில்லை. மறுநாள் லைன்மேன் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினார். கீழே நின்றவர்கள் அவருக்குத் தோள் நேராகிவிட்டது என்றார்கள். தோள் இருந்தபடிதான் இருந்தது, அதைத் தெரிந்த கை தைத்திருந்தது.

தங்கை பெரியவளாகவே இருந்துவிட்டாள். ஏறின வயதை இறக்க முடியாதே. காலரக்கா அவளை அக்கா என்றே கூப்பிடப் பழகினாள், குடும்பப் படத்தில் நாற்காலியையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த மாதக் கடைசியில் தொழிற்சாலை அலுவலகத்தில் எல்லாருடைய விவரத்தையும் புதிதாக எழுதினார்கள். வரிசையில் அவள் முறை வந்தது. குமாஸ்தா தலை நிமிராமல் வயதைக் கேட்டார். ஐம்பது என்றாள். அவர் பிறந்த வருடத்தைப் பார்த்து, ஓரத்தில் கழித்துப் பார்த்து, மறுபடியும் கழித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாலு இடிக்குதேம்மா."

"இடிக்காது சார், ஐம்பதுதான்" என்றாள் காலரக்கா. "நானே தைச்சது."

குமாஸ்தா அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். ஐம்பது என்று எழுதி, சரிபார்க்கப்பட்டது என்ற முத்திரையை அதன் மேல் குத்திவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.