பதில் வராத கேள்வி

"இடது நாலு. நூறு. மேட்டு மேல வலது மூணு, இறுகுது."

மர்கெத்தா இதை நாற்பதாவது தடவையாகச் சொன்னாள். எதிரே காரும் இல்லை, சாலையும் இல்லை. பின்லாந்தின் தாம்பெரே நகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே ஒரு மைக் மட்டும் நின்றது. ராலி கார்ப் பந்தய வீடியோ கேமுக்கு வழி சொல்லும் குரல் வேண்டும் என்று அவளை அழைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடம் ராலி டிரைவர் வெய்க்கோவின் வலப்பக்கம் உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு இன்னும் தெரியாத வளைவுகளை மடியிலிருந்த நோட்டைப் பார்த்துப் படித்தவள் அவள். எண் குறையக் குறைய வளைவு கடுமையாகும்; நூறு என்றால் அடுத்ததுக்கு நூறு மீட்டர். அவன் அவள் குரலை நம்பித்தான் காரைத் திருப்புவான்.

"சூப்பர். அடுத்து கார் கவுந்ததும் சொல்ற வரி," என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஹென்னா. ஒலிப்பதிவு செய்யும் இளம்பெண். "'உனக்கு ஒண்ணும் ஆகலையே?' அவ்வளவுதான். சொல்லிட்டு மூணு வினாடி சும்மா இருங்க."

"அவன் என்ன சொல்வான்?"

"யாரு? டிரைவரா? அவருக்குக் குரலே வைக்கலை. விளையாடுறவங்கதானே டிரைவர்."

"உனக்கு..." என்று தொடங்கி மர்கெத்தா நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "திங்கக்கிழமை பாத்துக்கலாமா?"

எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட் காலைப் பந்தயத்தில் நோட்டின் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். மூன்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐந்து என்றாள். கார் மூன்று முறை உருண்டு ஊசியிலை மரங்களுக்கிடையில் தலைகீழாக நின்றது. வெய்க்கோவின் தொடை நசுங்கியிருந்தது. பத்திரிகைக்காரர்களிடம் தப்பு தன்னுடையது என்றான். அடுத்த பருவத்தில் வேறொருவன் அவள் இருக்கையில் உட்கார்ந்தான். அதன்பின் அவளும் வெய்க்கோவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கார் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு நாட்களை ஓட்டினாள். யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. தலைகீழாகத் தொங்கியபோது அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தப்பு எந்தத் தாளில் நடந்தது என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு முற்பகல் வெய்க்கோவின் வீட்டுக்குப் போனாள். ஏரிக்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழவில்லை.

"காபி பிளாஸ்க்ல இருக்கு. கோப்பை ஒண்ணுதான்."

அவள் மூடியில் ஊற்றிக் குடித்தாள். இரண்டு மீன்கள் வாளியில் விழுந்தன. பிறகு கேமைப் பற்றிச் சொன்னாள்.

"டிரைவர் வாயே தொறக்க மாட்டானா?" வெய்க்கோ அன்று முதன்முறையாகச் சிரித்தான். "அப்போ என்னைப் பாத்துத்தான் செஞ்சிருக்கானுங்க."

"வெய்க்கோ, அன்னைக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கலை. உயிரோட இருக்கியான்னு கூட."

அவன் விரல்கள் வலையில் நின்றன. "நானும்தான் உன்னைக் கேக்கலை."

வலையைக் கீழே வைத்துவிட்டு, ஏரியைப் பார்த்தபடியே சொன்னான். "நீ தப்பா படிச்சதுக்காக நான் ஆளை மாத்தலை. கால் சரியாகி வந்து உன்கூட ஒரு தடவை ஒத்திகை ஓட்டினோம்ல? அன்னைக்கு முழுக்க, நீ சொல்றது சரியா இருக்குமான்னே யோசிச்சிட்டிருந்தேன். கண்ணு ரோட்டுல இல்ல. அப்படி ஓட்டினா ரெண்டு பேரும் செத்திருப்போம்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

கிளம்பும்போது இரண்டு மீன்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். மறுபடி வா என்று சொல்லவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வந்துவிடுவதாக ஹென்னாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினாள்.

திரும்பும் வழியில், சரளைச் சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து கடந்து போனது. காற்றே இல்லை. எழுந்த புழுதி அப்படியே நின்றது. இரண்டு பக்கத்துப் பிர்ச் மரங்களும் மறைந்தன, சாலையும் மறைந்தது. மர்கெத்தா காரை நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். பக்கத்து இருக்கையில் செய்தித்தாள் மெல்ல நனைந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்மேல் கைகளை வைத்தபடி, அடுத்த வளைவைச் சொல்ல யாரும் இல்லாமல், வெண்புழுதிக்குள் முதலில் எந்த மரம் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.