உளவாளியின் நான்கு விரல்கள்

நூலகத்தின் மாடி அறையில் பாப்பா மூன்று வாரமாகத் தனி ஆளாக யுத்தம் நடத்திக்கொண்டிருந்தாள். பதினொரு நாடுகளிலிருந்து ஐம்பத்திரண்டு சுவரொட்டிகள் அவளுடைய கணினிக்குப் பொட்டலம் பொட்டலமாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் போர்க்காலத்தில் அந்தந்த அரசாங்கம் தன் ஜனங்களுக்காக அச்சடித்துச் சுவரெங்கும் ஒட்டியவை. அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் நாடு, வருடம், வாசகத்தின் பொருள் மூன்றையும் எழுதி, வெள்ளிக்கிழமை கீழ்க் கூடத்தில் ஸ்லைடு ஷோவாக ஓட்டிக் காட்ட வேண்டும். பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆவணப் பிரிவில் பதினெட்டு வருட சர்வீஸ். ஆனாலும் வீட்டுச் செல்லப்பெயர் அலுவலகம் வரைக்கும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டதால், தலைமை நூலகர்கூட அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

முதலில் அவள் நாடு வாரியாகத்தான் அடுக்கியிருந்தாள். தலைமை நூலகர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, இப்படி ஓட்டினால் மூன்றாவது நாட்டிலேயே கூடம் முழுக்கக் கொட்டாவி விட ஆரம்பித்துவிடும் என்றார். விஷயம் வாரியாகச் சேர்க்கச் சொன்னார். பட்டாளத்தில் சேரச் சொல்வது ஒரு கட்டு, சாப்பாட்டை வீணாக்காதே என்பது ஒரு கட்டு, வாயை மூடிக்கொள் என்பது ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் வருட வரிசை. பாப்பா மனசுக்குள் அவரை வைதுகொண்டே எல்லாவற்றையும் கலைத்தாள். ஆனால் மறுபடி அடுக்கியபோது அவர் சொன்னதில் விஷயம் இருப்பது தெரிந்தது. எட்டு நாட்டு அதிகாரிகள் ஒரே மாதிரி விரல் நீட்டி மிரட்டினார்கள். ஆறு நாட்டு அம்மாக்கள் ஒரே ரயில் நிலையத்தில் நின்று கைக்குட்டை ஆட்டுவதுபோல் இருந்தது. எதிரி மட்டும் எந்த நாட்டுக்காரன் வரைந்தாலும் பல் தேய்க்காதவனாகவே இருந்தான்.

வாயை மூடிக்கொள் கட்டில் ஒன்பது படங்கள். அதில் ஒன்று அவளுடைய அப்பா வரைந்தது.

அப்பா அந்தக் காலத்தில் ஓர் அச்சகத்தில் ஓவியர். படத்தில் ஒரு பேருந்து. இரண்டு பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் இருக்கையில், விரித்த செய்தித்தாளுக்கு மேலே ஒருவன் எட்டிப் பார்க்கிறான். சேர்ந்த புருவம், அதிலும் இடது புருவம் ஒரு படி உயரம். வளைந்த மூக்கு. முறம் மாதிரி விரிந்த காது. கீழே சிவப்பு எழுத்தில் ‘பக்கத்தில் இருப்பவர் யார்?’ என்ற கேள்வி. அரசாங்கம் வைத்த போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு கிடைத்தது. பதக்கம் இன்றைக்கும் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

அந்த முகம் அச்சு அசலாக மாமாவின் முகம். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிக்கிறவர். தினமும் காலையும் மாலையும் பேருந்தில் போய்வந்தார். எல்லாப் பேருந்திலும் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். போகும்போது ஓட்டுநருக்குப் பின்னால் அவர் முகம், வரும்போது படிக்கட்டுப் பக்கத்தில் அவர் முகம். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். பத்தாம் நாள் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மாதம் ஒன்று ஆனபோது யாரோ மொட்டைக் கடிதம் எழுதிப்போட்டதில், ஒரு பகல் முழுக்கக் காவல் நிலையத்தில் உட்கார்த்தி வைத்து விசாரித்தார்கள். ஊர்க் கடிதமெல்லாம் கையாளுகிற ஆள் என்பதால் மேலதிகாரிக்கும் பயம் வந்துவிட்டது. போர் முடிகிற வரைக்கும் மாமா தபால் நிலையத்துப் பின்கட்டில் சாக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

காவல் நிலையத்திலிருந்து விட்ட அன்று சாயங்காலமே அவர் நேரே வீட்டுக்கு வந்து கேட்டார். அப்பா, அது நீ இல்லை என்று ஒரே வரியில் சொன்னார். அப்படியென்றால் யாரைப் பார்த்து வரைந்தாய், ஆளைச் சொல் என்றார் மாமா. அப்பா பதில் சொல்லவில்லை. அந்தச் சுவரொட்டி சொன்ன புத்திமதியை ஊரிலேயே முழுசாகக் கடைப்பிடித்தவர் அப்பா ஒருவர்தான். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். போய் முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

அம்மா விடவில்லை. வாரம் தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன வருடம் இரண்டு முழங்காலும் சேர்ந்து மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அதுவும் நின்றது. பதினொரு மாதமாக அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தினமும் காலையில் தொலைபேசியில் பேசுவார்கள். கடைசியில் அம்மா, “ஒரு தடவை வந்துட்டுப் போயேன்” என்பாள். மாமா அதைக் காதில் வாங்காமல் மாத்திரை போட்டாயா என்று கேட்பார். அம்மா போனை வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பாப்பா தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசிப் பொட்டலமாக ஒரு பனி நாட்டிலிருந்து நான்கு படங்கள் வந்தன. வழக்கம்போல ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வருடத்தைத் தேடிக் குறித்துக்கொண்டு, அந்தந்தக் கட்டில் செருகினாள். மூன்றாவது படம் வாயை மூடிக்கொள் கட்டுக்குப் போயிற்று. வருடப்படி அது அப்பாவின் படத்துக்குச் சரியாக முன்னால் போய் உட்கார்ந்தது. நம் நாட்டில் போர் தொடங்குவதற்கும் மூன்று வருடம் முந்தியது.

அதில் ஒரு ரயில் பெட்டி. இரண்டு பெண்கள். பின்னால் செய்தித்தாள். அதற்கு மேலே மாமா.

பாப்பா நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல் வரை போய், திரும்பி வந்து பார்த்தாள். மாமாவேதான். தொப்பி ஒன்றுதான் கூடுதல். பனி நாட்டில் மாமாவுக்கு என்ன வேலை? அப்பாவின் படத்தைப் பாதி கண்ணாடி மாதிரி மங்கலாக்கி, அந்தப் படத்தின் மேல் வைத்து, அளவைச் சரிசெய்தாள். புருவத்தின் மேல் புருவம் உட்கார்ந்தது. காதின் மேல் காது. செய்தித்தாளைப் பிடித்த கையில் அந்த நாட்டு ஓவியன் அவசரத்தில் நான்கு விரல்தான் போட்டிருந்தான். அப்பாவும் நான்கேதான் போட்டிருந்தார்.

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அப்பா மாமாவை வரையவில்லை. மாமாவை நினைக்கவே இல்லை. இதை மாமாவிடம் காட்டினால் போதும். காட்டினால், அப்பாவின் முதல் பரிசு? ஒரு படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐம்பத்திரண்டு ஐம்பத்தொன்றாகும், அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் முழங்கால் கண்ணில் வந்து நின்றது. அப்பாவைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

அப்பா கூடத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா எதுவும் சொல்லாமல் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“இது எங்கேர்ந்து கிடைச்சுது?” என்றார்.

பாப்பா சொன்னாள். அப்பா கணக்கு ஒப்பிக்கிற பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போட்டிக்கு மூன்றே நாள் இருந்ததாம். அச்சக முதலாளி வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாராம். மாதிரிக்காகத்தான் இவர் புரட்டினாராம், அதில் இந்த ரயில் படம் இருந்ததாம். பரிசு வரும் என்று யார் கண்டார்கள்? வந்த பிறகு எப்படிச் சொல்வது?

“மச்சான் வந்து ஆளைச் சொல்லுன்னு கேட்டப்போ, நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, பாப்பா. திருடன்னு பேர் எடுக்கறதுக்கு, கெட்டவன்னு பேர் எடுத்தா பரவாயில்லைன்னு தோணிச்சு.”

“முப்பத்தெட்டு வருஷமாவா தோணிச்சு?” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று முழுக்கவும் புதன்கிழமை முழுக்கவும் அப்பாவிடம் பேச வேண்டியதையெல்லாம் பாப்பா வழியாகவே பேசினாள். சாப்பிட வரச் சொல்லு, ஜன்னலைச் சாத்தச் சொல்லு, கண்ணாடியைத் தொடைச்சது போதும்னு சொல்லு. வியாழக்கிழமை காலை மாமாவின் தொலைபேசி வந்தது. அம்மா மற்ற எல்லாம் பேசினாள். வந்துட்டுப் போயேன் என்று மட்டும் கேட்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் நிறுத்தி அவளையே பார்த்தார். பிறகு பாப்பாவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டையும் போடு. பக்கத்துல பக்கத்துலயே போடு. ஆனா ஊருக்குக் காட்டறதுக்கு முந்தி அவன்கிட்ட காட்டிடு.”

நீங்களும் வாருங்கள் என்று பாப்பா கூப்பிட்டதற்கு, மூன்று மாடி ஏற முடியாது என்றார். அவருக்கு முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது.

மாமா கதவைத் திறந்தபோது கையில் துடைப்பம் இருந்தது. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். தங்கைக்கு என்னமோ ஏதோ என்று முதலில் பதறிப்போனார். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு படம் காட்ட வேண்டும் என்று சொல்லி உட்கார வைப்பதற்குள் பாப்பாவுக்கு வேர்த்துவிட்டது. வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஸ்லைடு ஷோவை வரிசைப்படியே ஓட்டினாள்.

மாமா பட்டாளக் கட்டைப் பார்த்தார். சாப்பாட்டுக் கட்டைப் பார்த்தார். எந்த நாடானாலும் நம்மளைத்தான் திட்டுறாங்க என்றார். வாயை மூடிக்கொள் கட்டு வந்தது. ரயில் பெட்டியும் தொப்பியுமாக அந்தப் படம் திரையில் நின்றதும் அவர் முகம் இறுகியது.

“இதையும் உங்கப்பன்தான் வரைஞ்சானா?”

“இல்ல மாமா. கீழே வருஷத்தைப் பாருங்க. நாட்டைப் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். தபால் நிலையத்தில் கிறுக்கல் முகவரிகளைப் படித்துப் பழகிய கண். பொடி எழுத்து அவருக்கு ஒரு பொருட்டில்லை. படித்துவிட்டு நிமிர்ந்தார். பாப்பா அடுத்த ஸ்லைடைத் தட்டினாள். பேருந்து வந்தது. அவரே கையை நீட்டி முந்தைய படத்துக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். ஏழெட்டுத் தடவை ரயிலுக்கும் பேருந்துக்கும் போய்வந்தார்.

“விரல் நாலுதான் இருக்கு.”

“ஆமா மாமா.”

“ரெண்டுலயும் நாலு. ஈயடிச்சான் காப்பி.” அவர் குரல் எங்கேயோ இருந்தது. “அப்போ இது நான் இல்லை.”

இல்லை என்றாள் பாப்பா. மாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“ஸ்டேஷன்ல உக்கார வெச்சது, மூட்டை கட்டினது, அதெல்லாம் எனக்குப் பெரிசில்ல பாப்பா. யுத்த காலம், எவன் எவனுக்கோ என்னென்னமோ நடந்துச்சு. என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன், என் மூஞ்சியைப் பார்க்கறப்பெல்லாம் இவனுக்கு இப்படித்தான் தோணிச்சான்னு நெனைச்சேன் பாரு, அதைத்தான் தாங்க முடியல.”

“அப்பா உங்களை நெனைக்கவே இல்லை மாமா.”

“கழுதை, அதை வாயைத் தெறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தார். வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று பாப்பா கேட்கவில்லை. கேட்டால் எங்கே மனசு மாறிவிடுமோ என்று பயம்.

அப்பா வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியில் மாமா சொல்லவேண்டியதையெல்லாம் தயார் செய்துகொண்டுதான் வந்தார், முணுமுணுத்தது பாப்பா காதில் விழுந்தது. இப்போது அவர் கேட்டது வேறு.

“என்ன மாப்பிள்ளை, அவன் அஞ்சு விரல் போட்டிருந்தா நீயும் அஞ்சு போட்டிருப்பியா?”

“எண்ணிப் பார்க்க நேரமில்ல மச்சான்” என்றார் அப்பா. மாமா அவர் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு நேராக உள்ளறைக்குப் போனார்.

அம்மா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இளைத்துவிட்டாய், முடி கொட்டிவிட்டது, முழங்காலை எந்த டாக்டர் பார்க்கிறான், அவன் சரியில்லை என்று வரிசையாகக் குற்றம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக அப்பாவை நேரே பார்த்து, “நிக்கறீங்களே, ஒரு நாற்காலி கொண்டாங்க” என்றாள்.

அப்பா ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்தார்.

பாப்பாவுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கட்டில் கால்மாட்டில் மடிக்கணினியைத் திறந்து, அப்பாவின் படத்துக்குக் கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டாள். அப்பா யோசித்து, ‘முந்தைய படத்தைத் தழுவியது’ என்று எழுதச் சொன்னார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. தழுவறதெல்லாம் இல்லை, பார்த்து வரைஞ்சதுன்னு போடு என்றார். பரிசு வாங்கியதையும் போட வேண்டுமா என்று பாப்பா தயங்கினாள். கண்டிப்பாகப் போடு, பரிசு கொடுத்தவங்களுக்கும் கண்ணு தெரியலன்னு ஊருக்குத் தெரியட்டும் என்றார் மாமா. அப்பா கூடத்துச் சுவரில் தொங்கும் பதக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, “சரிதான், அப்படியே போடு” என்று தலையாட்டினார். அவர் முகம் காய்ச்சல் விட்ட முகம் மாதிரி தெளிந்திருந்தது.

நாளைக்குக் கூடத்தில் தனக்கு முன்வரிசையில் இடம் வேண்டும் என்றார் மாமா. எல்லோரும் படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்களே என்றாள் பாப்பா.

“பார்க்கட்டும். நான் இல்லைன்னு கீழேயே எழுதியிருக்கே” என்று சொல்லிவிட்டு, அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். பாப்பா வாசகத்தைத் தட்டச்சு செய்து, ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்து, கோப்பைச் சேமித்தாள்.