யுஎஸ்பி துளைக்குள் சந்தனம்

குரங்கணியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரே ஓர் அறையுள்ள கட்டடம் இருக்கிறது. அறை சின்னது, பெயர் பெரியது: 'ஏலத்தோட்டச் செம்மல் மொக்கச்சாமி நினைவு டிஜிட்டல் அறிவுத் திருக்கோயில்'. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட அகலமாகிவிட்டதால் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டுத் தாங்க வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடி பீரோ. பீரோவுக்குள் பட்டுத் துண்டு சுற்றிய ஒரு லேப்டாப். திறந்து நான்கு வருடம் ஆகிறது. ஊர்ப் பிள்ளைகளில் ஒன்றுகூட இன்னும் அதைத் தொட்டதில்லை. பீரோ சாவி மலைக்குக் கீழே போடியில், காசிராஜனின் இடுப்பில் தொங்கியது.

காசிராஜன் அந்த மொக்கச்சாமியின் மகன். போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் தலைவர். எதற்குத் தலைவர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மகன் கல்லூரியில் பாடாய்ப் படுத்தித் தூக்கிப் போட்ட லேப்டாப்பைத்தான் அப்பா பெயரில் அறிவுக்குத் தானம் செய்திருந்தார்.

அந்தக் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கும் முப்பது பெண்களில் ஒருத்தி தமிழ்செல்வி. பி.சி.ஏ. முடித்தவள். பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று மூன்று வருடமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது மதுரைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு ஆள் எடுத்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆன்லைன் தேர்வு. கேமரா உள்ள லேப்டாப் வேண்டும், புதிய பிரவுசர் வேண்டும், மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டும். தவறினால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பிரவுசிங் சென்டரில் தனி அறை கிடையாது. லேப்டாப் வைத்திருந்த தோழிகள் எல்லாம் அந்த லேப்டாப்போடு பெங்களூர் போய்விட்டார்கள்.

புதன்கிழமை காலை சாவி கேட்டாள். காசிராஜன் அரைமணி நேரம் தன் தந்தையின் தொலைநோக்கைப் பற்றிப் பேசிவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்காகத்தானே அதை வைத்திருக்கிறேன் என்று கண் கலங்கினார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். பட்டுத் துண்டு கசங்கக்கூடாது. அப்பா ஸ்டிக்கர் கிழியக்கூடாது. லேப்டாப் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. சனிக்கிழமை மத்தியானம் சாவி திரும்பி வர வேண்டும்.

மாலையில் பீரோவைத் திறந்தாள். பேட்டரி செத்திருந்தது; வயரைச் செருகினால் ஓடியது. திரைக்கு மேலே, கேமரா இருக்கும் இடத்தில், 'அன்பளிப்பு' என்று நீளமாக ஒரு ஸ்டிக்கர். அதன் நடுவில் மொக்கச்சாமியின் வட்டப் படம். கேமராவை அவர் நெற்றி சரியாக மறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பழைய விண்டோஸ். தேர்வுப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பியுங்கள் என்றது. புதுப்பிக்கப் போனால், உங்கள் விண்டோஸ் பழையது, முடியாது என்றது.

இதை அவள் எதிர்பார்த்திருந்தாள். பழைய கம்ப்யூட்டரிலும் பதறாமல் ஓடக்கூடியது லினக்ஸ், காசும் கிடையாது. போடி பிரவுசிங் சென்டரில் ஒரு பென்டிரைவில் அதைப் பதிந்து கையோடு கொண்டுவந்திருந்தாள். பென்டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்பினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். செருகப் போனாள். போகவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்று யுஎஸ்பி துளைகளிலும் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊக்கை விட்டுச் சுரண்டினாள். சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்த, வருடக்கணக்கில் காய்ந்த சந்தனம். கட்டி கட்டியாக விழுந்தது. கடைசியில், பச்சை பூத்துப் போயிருந்த உள் தகடும் சேர்ந்து விழுந்தது. மூன்றிலும் அதே கதைதான். டிவிடி போடும் இடத்தில் தட்டே இல்லை. அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

மறுநாள் கிட்டங்கியில் அவளே வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. துளையெல்லாம் அடைத்திருக்கிறது, வேறு வழியில் முயற்சி பண்ணுகிறேன் என்றாள். காசிராஜன் முப்பது பெண்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"உங்காத்தாதான தொடைக்கிது? தொடைக்கிறேன் தொடைக்கிறேன்னு ஈரத்துணிய வச்சு நோண்டியிருக்கும். படிக்காத சனத்துகிட்ட பொருளக் குடுத்தா இப்பிடித்தான். இனிமே அந்தம்மா பீரோகிட்டயே போகக் கூடாது, சொல்லிரு."

அறையைக் கூட்டுவதும், எப்போதாவது பீரோ திறக்கும்போது லேப்டாப்பைத் துடைப்பதும் தமிழ்செல்வியின் அம்மா பாண்டியம்மாள். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் காசிராஜனின் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். அவள் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை. 'ஏத்தா' போதுமானதாக இருந்தது. மகள் வந்து சொன்னபோது பாண்டியம்மாள் கோபப்படவில்லை. நான் துடைச்சதுலதான் போயிருக்குமோ என்றாள். தமிழ்செல்விக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது அப்போதுதான். செய்யாத குற்றத்தைக்கூட முதலாளி சொன்னால் ஒப்புக்கொள்கிற பழக்கம் அம்மாவுக்கு வந்திருந்தது.

வெளியிலிருந்து எதையும் செருக முடியாதென்றால், உள்ளேயே கொண்டுவந்து வைக்க வேண்டியதுதான். அவள் போனில் அந்த அறையின் ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது. போனை ஜன்னல் கம்பியில் கட்டி, ஹாட்ஸ்பாட் போட்டு, லினக்ஸ் ஃபைலை லேப்டாப்பிலேயே நேரடியாக இறக்கினாள். இரண்டரை ஜிபி. ஒரு நாள் டேட்டா ஒன்றரை ஜிபியோடு நின்றுவிடும். புதன் மாலையே பாதி இறங்கியிருந்தது, விட்ட இடத்திலிருந்து வியாழன் மாலை மீதி.

அடுத்து, ஹார்டு டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு இடமே இல்லை. முந்நூறு ஜிபி டிஸ்க் முழுக்க நிரம்பிக் கிடந்தது. அறிவுத் திருக்கோயிலில் அப்படி என்ன அறிவு என்று பார்த்தாள். ஒரு பாடம் இல்லை, ஒரு புத்தகம் இல்லை. 'திறப்பு விழா கேமரா 1', 'திறப்பு விழா கேமரா 2', 'ட்ரோன்', 'தலைவர் நடந்து வருவது', 'தலைவர் சிரிப்பது', 'தலைவர் சிரிப்பது புதிது'. நான்கு வருடத்து ஆயுத பூஜையும் தனித்தனியாக. திறந்து வைத்ததைத் தவிர வேறு எதுவும் அந்தத் திருக்கோயிலில் இல்லை.

ட்ரோன் வீடியோ மட்டும் அறுபது ஜிபி. அதில் வருவது கட்டடத்தின் தகரக் கூரை. அதை மட்டும் அழித்தால் போதும் என்று நியாயமாகத்தான் முடிவு செய்தாள். அதைத் தேடும்போது 'ஆயுத பூஜை 2' கையில் பட்டுத் திறந்துகொண்டது.

திரையில் காசிராஜன் வெள்ளை வேட்டியில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். மூடிமேல் பொட்டு வைத்தார். வீடியோ எடுத்தவன் ராம்பிரசாத், போடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன்; அவன் குரல் கேட்டது. "மேல வச்சது டல்லா விழுகுது தலைவரே. சைடுல வைங்க, ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அங்க வச்சா எடுப்பா இருக்கும்." தலைவர் கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை அள்ளி முதல் துளையில் வைத்து அழுத்தினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு டேக். இரண்டாவது துளை. மூன்றாவது துளையில் சந்தனம் பிதுங்கியது. அதையும் விரலால் வழித்து உள்ளேயே தள்ளினார். பின்னால், ஓரத்தில், விளக்குமாற்றோடு பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ராம்பிரசாத் அவளைக் கொஞ்சம் விலகச் சொன்னான். விலகினாள்.

தமிழ்செல்வி அந்த வீடியோவை மட்டும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். ட்ரோனை அழித்தாள். கிடைத்த இடத்தில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி லினக்ஸ் ஃபைலை அங்கே வைத்தாள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது 'விண்டோஸா, லினக்ஸா' என்று கேட்கிறபடி ஒரு குட்டி மென்பொருளையும் இறக்கிச் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை முதல் தடவை கிளப்பியபோது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டபின், ஃபைல் பெயரில் ஒரு எண்ணைத் தவறாக அடித்திருப்பது தெரிந்தது. திருத்தினாள். வந்துவிட்டது. பென்டிரைவ் இல்லை, டிவிடி இல்லை. தனக்குள் வைத்திருந்த ஃபைலிலிருந்தே கிழட்டு லேப்டாப் எழுந்து உட்கார்ந்து, எங்கே நிறுவட்டும் என்று கேட்டது. விண்டோஸுக்குப் பக்கத்தில் மீதமுள்ள இடத்திலா? இல்லை, விண்டோஸ் இருக்கும் பகுதியையும் அழித்துவிட்டா?

பக்கத்தில் வைத்தாலே தாராளம். ஐம்பது ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது. ஆனால் முப்பது பெண்களுக்கு நடுவே காசிராஜன் உயர்த்திய குரல் தமிழ்செல்வியின் காதில் கிடந்தது. விண்டோஸோடு தலைவரின் வீடியோக்கள் எல்லாவற்றையும் அழிக்கிற கட்டளையைக் கொடுத்தாள். லினக்ஸுக்காக அழித்தது அறுபது ஜிபி, மிச்சம் அழித்தது அம்மாவுக்காக.

சனிக்கிழமை காலை ஊக்கின் முனையால் மொக்கச்சாமியின் நெற்றியில் ஒரு துளை போட்டாள். கேமரா எட்டிப் பார்த்தது. தேர்வுப் பக்கம் குறை சொல்லாமல் திறந்தது. விதிகள் வந்தன: வேறு முகம் தெரிந்தால் எச்சரிக்கை. அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டால் எச்சரிக்கை. முகத்தைத் திருப்பினாலோ இடத்தைவிட்டு எழுந்தாலோ எச்சரிக்கை. மூன்றாவதில் தேர்வு ரத்து.

அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே உட்கார்ந்து யாராவது எதையாவது செய்வார்கள் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை. வெளியே பூட்டுவதற்கு மட்டும் வசதி செய்திருந்தார்கள். அதனால் கதவைச் சாத்தி, வாசலில் அம்மாவை உட்கார வைத்தாள்.

பதினொன்றே காலுக்கு ஜீப்பு வந்து நின்றது. கூலிப் பெண் ஒருத்தி அறிவுத் திருக்கோயிலில் தேர்வு எழுதுகிறாள் என்பதைப் படம் எடுக்காமல் விட்டால் அது நடந்ததாகவே ஆகாது என்று காசிராஜனுக்குத் தோன்றியிருந்தது. ராம்பிரசாத் கேமராவோடு இறங்கினான். பாண்டியம்மாள் எழுந்து, பரீட்சை நடக்கிறது என்று முனகினாள். தலைவர் கையை வீசினார். பத்தொன்பது வருடப் பழக்கம், விலகினாள்.

கதவு திறந்தது. தமிழ்செல்வியின் தோளுக்கு மேலே, மூக்குக் கண்ணாடியோடும் சந்தனப் பொட்டோடும் காசிராஜனின் முகம் திரையில் முளைத்தது. கேமரா என்று ஒன்று இருந்தால் அதற்குள் போய்விடுவது அவர் சுபாவம். சிரித்தார்.

திரையில் சிவப்புப் பெட்டி: வேறு நபர் தெரிகிறார். முதல் எச்சரிக்கை.

அவள் கையால் பின்னுக்குத் தள்ளுவதுபோல் சைகை காட்டினாள். ஆசி கேட்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையில் கை வைத்தார். படத்துக்கு வாகாக நிற்கச் சொல்லி ராம்பிரசாத் வாய் திறக்கப் போனான். இன்னும் இரண்டு நொடி போனால் இரண்டாவது எச்சரிக்கை, அடுத்த இரண்டு நொடியில் மூன்றாவது. எழுந்து தள்ள முடியாது. திரும்பிப் பார்க்க முடியாது. மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதற்கும் ஒரு எச்சரிக்கை விலை. ஒரே தடவை பேசலாம். பேசுவது ஆளை வெளியே அனுப்பியாக வேண்டும்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலை உயர்த்தாமல், மூச்சு விடாமல் சொன்னாள்.

"தலைவரே, நீங்க தெறந்து வச்ச வீடியோ அம்புட்டையும் அழிச்சிட்டேன், ஒண்ணுகூட இல்ல, ஓட்டையில சந்தனத்த அடைச்சது எங்கம்மா இல்ல, நீங்க, அது மட்டும் என் போன்ல இருக்கு."

இரண்டாவது எச்சரிக்கை.

காசிராஜனின் முகம் திரையிலிருந்து இறங்கியது. ராம்பிரசாத்தின் சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியே போனார். ஜீப்பில் ஏறியதும், ஸ்டுடியோவில் காப்பி இருக்கிறதா என்று கேட்டார். ஹார்டு டிஸ்க் போன வருடமே போய்விட்டது, உங்களிடம் இருக்கிறதே என்றுதான் விட்டுவிட்டேன் என்றான் அவன். மகனிடம் இருக்கலாம். காசிராஜனின் போனுக்குக் குரங்கணியில் சிக்னல் எடுக்காது. ஜீப்பு சிக்னல் தேடி முதல் வளைவை நோக்கிச் சீறிக்கொண்டு இறங்கியது.

பாண்டியம்மாள் கதவைச் சாத்தினாள். மகள் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. வாசற்படியில் அல்ல, இந்த முறை கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஜீப்பு திரும்பியது. மகனிடமும் இல்லை என்பது காசிராஜனின் நடையில் தெரிந்தது. கதவைத் திறக்கச் சொன்னார். பாண்டியம்மாள் எழவில்லை.

"பரீட்ச முடியட்டும்."

"ஏத்தா, யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியும். சந்தனம் வச்ச கையி."

ராம்பிரசாத் எதுவும் கேட்காதவன்போல லென்ஸைத் துடைத்தான். காசிராஜன் தன் பெயர்ப்பலகையின் நிழலில் நின்றார். உள்ளே விசைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு அது நின்றது.

தமிழ்செல்வி கதவைத் திறந்தாள். சமர்ப்பித்தாயிற்று என்று அம்மாவிடம் சொன்னாள். லேப்டாப்பைப் பட்டுத் துண்டில் கசங்காமல் சுற்றி, சாவியை மேலே வைத்து, காசிராஜனின் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கெழம கிட்டங்கிக்கு வந்துராத," என்றார் அவர். "இதுல இன்னும் என்னென்ன பண்ணி வச்சிருக்க?"

"பிள்ளைக படிக்கிற மாதிரி பண்ணி வச்சிருக்கேன். தெறக்கப் பாஸ்வேர்டு கேக்கும். எங்கம்மா பேரு."

காசிராஜன் பாண்டியம்மாளைப் பார்த்தார். பதினைந்து வருடம் தோட்டத்தில், நான்கு வருடம் இந்த வாசலில் பார்த்த முகம். வாயைத் திறந்தார். ராம்பிரசாத்தைப் பார்த்தார், அவனும் உதட்டைப் பிதுக்கினான்.

பாண்டியம்மாள் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு மகளோடு நடந்தாள். கேட்டால் பெயரைச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.