இருபத்தேழு விநாடி சாட்சி

சரக்கு வண்டி ஒன்று என் காரைப் பின்னாலிருந்து இடித்த மறுவாரமே, வக்கீல் மிஸ் பிரூயிட் என் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"வெர்லீன் அம்மா, கேஸ் முடியிற வரைக்கும் ஃபேஸ்புக்கில ஒண்ணும் போடாதீங்க. பேத்தியோட சிரிச்ச மாதிரிகூட வேணாம். வலிக்கிறவங்க சிரிப்பாங்களான்னு கேப்பாங்க."

இரண்டு வருஷம் கட்டுப்பட்டேன். பேத்தி பட்டம் வாங்கிய படத்தைக்கூடப் போடவில்லை. என் முதுகு ஆபரேஷன் இந்தக் கேஸில் வரும் பணத்தை நம்பித்தான் நின்றது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது தங்கை விரலால்.

தங்கை ஒடெஸ்ஸா எங்கள் சபை ஆராதனையை ஃபோனில் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுகிறவள். எங்கள் சபையில் சுகம் வந்தபிறகு சாட்சி சொல்வதில்லை. வருமுன்னே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், அதுதான் விசுவாசம். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஆர்கன் முழங்க, நான் கைத்தடியை வீசிவிட்டுக் கைதட்டியபடி நாலு எட்டு நடந்தேன்.

"என் முதுகு சுகமாயிடுச்சு! அல்லேலூயா!"

விசாரணையன்று சரக்கு வண்டிக்காரர்களின் இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் போட்டுக் காட்டினான். கோர்ட்டுக்குப் போகுமுன் வாக்குமூலம் எடுக்கும், நீதிபதி இல்லாத சின்ன அறை. சொன்னதையெல்லாம் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"இது நீங்கதானே மேடம்?"

"நான்தான்."

"சபையில பொய் சொன்னீங்களா, இங்க சொல்றீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் தம்பி, உங்க வீட்டுல ஜெபம் பண்றவங்க யாருமே கிடையாதா? அந்த வீடியோ இருபத்தேழு விநாடி. அடுத்த விநாடி நான் விழுந்தேன். ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க."

"அது எந்த வீடியோவில இருக்கு?"

மிஸ் பிரூயிட் குனிந்து பேனாவைப் பார்த்தாள்.

"சுகமாயிடுச்சா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

வலிக்கிறது என்று டாக்டரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது உடம்பின் பேச்சு. சுகமாகவில்லை என்பது வேறு. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று சொல்வது போல. அதைப் பாஸ்டரிடம் சொன்னதில்லை, தனியாக முழங்காலில் நின்றபோதும் சொன்னதில்லை. தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் காத்திருந்தன. எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது.

"இல்லை" என்றேன். "சுகமாகலை."

வெளியே ஒடெஸ்ஸா காரில் காத்திருந்தாள்.

"என்னக்கா கேட்டான்?"

"நீ போட்ட சாட்சியத்தான் கேட்டான். நான் விழுந்ததை நம்பல."

அவள் முகம் செத்துவிட்டது. என் கால் காருக்குள் ஏறவில்லை. ஃபோனை மடியிலிருந்து எடுத்துவைத்துவிட்டு இறங்கி வந்தாள். இரண்டு கையாலும் என் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். எழுந்திருக்காமல் அங்கேயே குந்தியிருந்தாள்.

"மிச்சமும் எங்கிட்ட இருக்குக்கா. நீ விழுந்தது, 'அம்மா'ன்னு கத்துனது, எல்லாம்."

"ஏண்டி வெட்டினே?"

"அது சாட்சி மாதிரி இல்லையேன்னுதான்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அன்று அவளைவிடச் சத்தமாக அல்லேலூயா சொன்னவள் நான்.

"வக்கீல் இன்னும் உள்ளதான் இருக்கா. கொண்டு போய்க் காட்டு."

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடினாள். நான் கண்ணை மூடி, யாரும் பார்க்காத தைரியத்தில், வலிக்கிறது ஆண்டவரே என்றேன்.